வாகனக் கேள்வி பதில்: பூம் இறங்குகிறதா? பம்பை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி (சீனக்குடா வாசகர்): ஐயா, என்னுடைய பூம் டிரக்கில் (சாமான் தூக்கும் நீளக் கை, அதாவது பூம், பூட்டிய லொறி) கல், கம்பி ஏற்றுவேன், சில நாளில் கொட்பேயில் வள்ளமும் தூக்குவேன். கொஞ்ச நாளாகச் சாமானைத் தூக்கி நிறுத்தினால் பூம் தானாக மெல்ல இறங்குகிறது. பம்ப் போய்விட்டது, மாற்று என்கிறார்கள் கராஜில். மாற்றட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. லீவரைப் பிடித்துத் தூக்கும்போதுதான், சிலிண்டருக்கு ஒயிலை அழுத்தி அனுப்பும் பம்புக்கு வேலை. லீவரை விட்ட பிறகு பாரத்தைத் தாங்கி நிற்பது சிலிண்டரோடு இருக்கும் லோட் ஹோல்டிங் வால்வு. அதற்குள் ஒரு பொடி அழுக்குச் சிக்கினாலே போதும், ஒயில் கசிந்து பூம் இறங்கும். இல்லையென்றால் உள்ளே பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: எல்லா அசைவும் சோம்பலாகிவிட்டதா, இல்லை ஒரு சிலிண்டரில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரையும் அதன் வால்வையும்தான் கழற்றிப் பார்க்க வேண்டும், பம்புக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. எல்லாமே மெதுவென்றால் ஒயில் மட்டம், அடைத்த பில்டர், எஞ்சினின் சுழற்சியைப் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ., மெயின் ரிலீஃப் வால்வு எல்லாம் பார்த்த பிறகுதான் பம்ப்.

ஒயில் மட்டம் பார்க்கும்போது பூமையும், டிரக்கைச் சாயாமல் தாங்கும் கால்களையும் முழுதாக மடக்கி வையுங்கள். நீட்டி வைத்துக்கொண்டு ஒயிலை ஊற்றினால் மடக்கும்போது தாங்கி நிரம்பி வழியும். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாரி மழையில் இது சாதாரணம். நுரைத்து, பம்பும் ஊளையிட்டால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது.

யாராவது ரிலீஃப் வால்வின் திருகை முறுக்கினால் சரியாகும் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அளவுக்கு மிஞ்சிய பாரத்திலிருந்து பூமைக் காப்பதே அந்த வால்வுதான். சரிபண்ணும் வரைக்கும் தூக்கும் வேலை வேண்டாம், பூமுக்குக் கீழே ஆளும் நிற்கக்கூடாது.

கேள்வி (கிண்ணியா வாசகர்): கிறீஸ் அடித்தும் பூம் மூட்டுகளின் பின்கள் கிரீச்சிடுகின்றன. ஏன்?

பதில்: கிறீஸ் உள்ளே போகவில்லை, வெளியே அப்பியிருக்கிறது, அவ்வளவுதான். கிறீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பின்னின் ஓரத்தில் கறுத்த பழசு பிதுங்கிப் புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். பாரம் எதுவும் இல்லாமல் பூமைக் கொஞ்சம் அசைத்து நிறுத்திவிட்டு மறுபடி அடித்தால்தான் அழுத்தம் விழும் பக்கத்துக்கும் போகும். ஏறவே இல்லையா, நிப்பிளைக் கழற்றி மாற்றுங்கள், சின்னச் செலவு. அப்போதும் ஏறாவிட்டால் வழி இறுகிக் கிடக்கிறது, பின்னைக் கழற்றத்தான் வேண்டும். புத்தகத்தில் எத்தனை மணித்தியாலம் என்று போட்டிருக்கிறதோ அதற்கு முந்தியே அடியுங்கள், நம்மூர் உப்புக்காற்று அதையெல்லாம் படிப்பதில்லை. கடற்கரை வேலை முடிந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, அப்புறம் கிறீஸ். கழுவும்போது பிரஷர் தண்ணீரைச் சீல்களுக்கு நேரே பிடிக்காதீர்கள். நிறுத்தி வைக்கும்போது சிலிண்டர் தண்டுகளை முடிந்தவரை உள்ளே இழுத்து வையுங்கள். தண்டின் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்தால் சீலைக் கிழித்துவிடும்.

கேள்வி: ஹோஸில் எங்கேயோ ஒயில் பீச்சுகிறது, இடம் தெரியவில்லை.

பதில்: கையால் தடவிப் பார்க்கவே கூடாது! ஒரு காட்போட் மட்டையை நீளத் தடியில் கட்டி நீட்டிப் பாருங்கள், நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். இடம் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்தி, லீவர்களை அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலியே இல்லாவிட்டாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ரோலிக் ஒயில் ஏறிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.