கனத்த வண்டி, குறுகிய வாசல்: கேள்வி பதில்

பட்டறைக்கு வரும் புல்லட்டில் கிளட்ச் லீவர் வளைந்திருந்தால், எங்கே விழுந்தது என்று கேட்பேன். நெடுஞ்சாலை என்று பதில் வருவது அபூர்வம். வீட்டு வாசலில், கேட்டைத் திறந்து வண்டியைத் திருப்பும்போது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்ரோலும் ஆயிலும் நிரம்பிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. நாம் ஓட்டிப் பழகிய ஸ்பிளெண்டர் அதைவிட எண்பது கிலோவுக்கு மேல் குறைவு. சாலையில் ஓடும்போது இந்த வித்தியாசம் உறைப்பதில்லை, தள்ளும்போதுதான் உறைக்கும். இப்படிக் கனத்த வண்டியை வீட்டில் நுழைப்பது, ஏற்றி இறக்குவது, திருப்புவது பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (உறையூர்): அண்ணா, எங்கள் வரிசை வீட்டின் கேட் இரண்டரை அடி. கிளாசிக் 350 வாங்கிவிட்டேன். ஹேண்டில்பார் இடிக்கிறது. கேட்டைப் பெயர்க்காமல் வழி உண்டா?

பதில்: இரண்டரை அடி என்றால் 762 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் அகலம் 785. நேராகக் கொண்டுபோனால் எந்த நாளும் நுழையாது. ஹேண்டில்பாரை முப்பது பாகை திருப்பினால் அதே அகலம் சுமார் 680 ஆகிவிடும். ஆகவே வண்டியைக் கேட்டுக்குச் சற்றுச் சாய்வாகக் கொண்டுவாருங்கள். ஒரு முனையை முதலில் உள்ளே விட்டு, அது தூணைத் தாண்டிய பிறகு மறுமுனையைக் கொண்டுவாருங்கள். கண்ணாடிகளை முன்பே உள்பக்கம் திருப்பிவிட வேண்டும்.

இதை இறங்கி நின்று செய்ய முயலாதீர்கள். அந்தக் கேட்டில் வண்டிக்கும் உங்களுக்கும் சேர்த்து இடமில்லை. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால்களாலும் தரையை உந்தி அங்குலம் அங்குலமாக நகருங்கள். விரல் மூட்டுகள் தூணில் சிராய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முன்னால் அகலமான கிராஷ் கார்டு மாட்டியிருக்கிறீர்களா? ஹேண்டில்பார் திரும்பும், கிராஷ் கார்டு திரும்பாது. பலருக்கு இடிப்பது அதுதான், பழி மட்டும் ஹேண்டில்பாருக்குப் போகிறது. எல்லாம் சொன்ன பிறகும் என் கருத்து: தினமும் காலை மாலை இப்படி நுழைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு தூணைத் தள்ளிக் கட்டி மூன்றரை அடியாக்குவது வண்டிக்கும் உங்களுக்கும் மலிவு.

கேள்வி (ஸ்ரீரங்கம்): பழைய வீடு. வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். வண்டியைத் திண்ணை தாண்டி நடையில்தான் நிறுத்த வேண்டும். ஆறடிப் பலகை போட்டு ஏற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பதில்: கணக்கு எளிது. வண்டியின் எடையை உயரத்தால் பெருக்கிப் பலகை நீளத்தால் வகுத்தால், சரிவில் வண்டியைத் தாங்கவே எவ்வளவு விசை வேண்டும் என்று தெரிந்துவிடும். 195 கிலோ, ஒன்றரை அடி உயரம், ஆறடிப் பலகை: ஏறக்குறைய 49 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்குவது போலத்தான். பலகையை ஒன்பது அடியாக்கினால் 33 கிலோவுக்குள் வந்துவிடும். பன்னிரண்டு அடிக்கு 24 கிலோ. தெருவில் இடமிருக்கும் அளவுக்கு நீளமாகப் போடுங்கள்.

ஒன்பது அடி மரப்பலகை நடுவில் தொய்யும். இரும்பு ஆங்கிளில் சட்டம் செய்து, மேலே செக்கர் பிளேட் (வழுக்காதபடி புடைப்பு வரிகள் உள்ள இரும்புத் தகடு) போட்டுத் தரச் சொல்லுங்கள், வெல்டிங் பட்டறைகளில் செய்வார்கள். மேல்முனையில் இரண்டு கொக்கி வைத்து வாசற்படியில் மாட்டும்படி இருக்க வேண்டும். பின்சக்கரம் வண்டியை மேலே தள்ளும்போது பலகையைக் கீழ்நோக்கி உதைக்கும். கொக்கி இல்லாத பலகை நழுவினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும், நீங்கள் அதன் அடியில்.

எல்லோரும் மறப்பது உங்கள் கால்களை. பலகை ஓரடி அகலம், அதில் வண்டி போகிறது. நீங்கள் எங்கே நடப்பீர்கள்? பலகைக்கு ஒரு கால், படிக்கு ஒரு கால் என்று தடுமாறும் இடத்தில்தான் வண்டி சாய்கிறது. இடப்பக்கம் உங்களுக்கென இன்னொரு பலகை போடுங்கள்.

ஏற்றும்போது தள்ள வேண்டாம். இடப்பக்கம் நின்று, முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டு எஞ்சினையே ஏறச் சொல்லுங்கள். 350 எஞ்சினுக்கு இழுவை அதிகம், மிகக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் போதும். வண்டி குதித்தால் வலது கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும், அதனால் இரண்டு விரல் எப்போதும் பிரேக் லீவர் மேலேயே இருக்கட்டும். மேல்விளிம்பில் சென்டர் ஸ்டாண்ட் தட்டுகிறதா என்று முதல் முறை ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். நடை என்பது வீட்டின் உள்பக்கம். கதவை மூடிக்கொண்டு வண்டியை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

இறக்குவது ஏற்றுவதைவிட ஆபத்து. பின்னோக்கி இறக்கும்போது பெரும்பாலோர் முன்பிரேக்கை நம்புகிறார்கள். அந்த நிலையில் கீழே இருக்கும் பின்சக்கரத்துக்கு எடை கூடுதலாகப் போய்விடும். முன்சக்கரம் இலேசாகிவிடுவதால், பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுழலாமல் அப்படியே சறுக்கும். பின்பிரேக் பெடலோ வலப்பக்கம், உங்கள் காலுக்கு எட்டாது. அதனால் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போடுங்கள். இப்போது கிளட்ச்தான் உங்கள் பிரேக். லீவரை அழுத்தினால் வண்டி நகரும், விட்டால் நிற்கும். சிறிது சிறிதாக விட்டுப் பிடித்து இறக்கலாம். இது கைவந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்காது. முதல் சில தடவை மட்டும் அவர் இருக்கட்டும்.

சாய்தளத்தைச் சிமெண்டில் நிரந்தரமாகத் தெருவில் நீட்டிக் கட்டாதீர்கள். மாநகராட்சி இடித்தால் கேட்க முடியாது.

கேள்வி (கோயம்புத்தூர்): என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஹன்டர் 350 ஓட்டுகிறேன், சாலையில் பயமே இல்லை. ஆனால் வீட்டில் நிறுத்தி எடுப்பதற்கு அப்பாவைத்தான் கூப்பிடுகிறேன். பெண்களுக்கு வலு போதாது என்கிறார்கள்.

பதில்: யார் சொன்னார்களோ அவர்களையே ஒரு முறை வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள் அம்மா, கைகளால் மட்டும் இழுத்து மூச்சு வாங்குவார்கள். வண்டி செங்குத்தாக இருக்கும்வரை எடை முழுவதும் சக்கரங்களில்தான் இருக்கிறது, உங்கள் கையில் எதுவும் இல்லை. பத்துப் பாகை சாய்ந்தால் ஏறக்குறைய பதினைந்து கிலோ உங்களிடம் வரும். முப்பது பாகை சாய்ந்தால் தாங்குவது கடினம், யாருக்கும்.

இடப்பக்கம் நில்லுங்கள். வலது இடுப்பு சீட்டில் அல்லது டேங்கில் ஒட்டியே இருக்கட்டும். வண்டி எப்போதும் ஒரு நூல் அளவு உங்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் போகவே கூடாது. பின்னால் தள்ளும்போது இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டின் பின்னால் உள்ள கம்பியில். கையால் தள்ளாமல் இடுப்பால் சாய்த்து நடங்கள். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் செயின் காய்ந்திருந்தாலும் வண்டி இரட்டிப்புக் கனமாகத் தோன்றும், அதையும் பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் தனியாக வாங்கி மாட்டினால், அதைப் போடும்போது கையால் தூக்க வேண்டாம். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு உங்கள் முழு எடையையும் வலது காலில் இறக்கி ஸ்டாண்டை மிதியுங்கள், வண்டி தானாகப் பின்னேறும். பின்சக்கரத்தின் கீழ் அரை அங்குல மரச்சட்டம் ஒன்று வைத்தால் இன்னும் சுலபம்.

கேள்வி (மதுரை): வண்டியைத் திருப்பும்போது மெதுவாகத்தான் போகிறேன். திடீரென்று எதிர்ப்பக்கம் விழுந்துவிடுகிறது. ஏன்?

பதில்: ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்திருப்பீர்கள். சக்கரம் சட்டென்று நிற்கும், வண்டி ஹேண்டில்பார் திரும்பிய பக்கம் கவிழும். வலப்பக்கம் திருப்பியிருந்தால் அது உங்களுக்கு எதிர்ப்பக்கம், தடுக்க முடியாது. முன்பிரேக் பிடிப்பதற்கு முன் ஹேண்டில்பாரை நேராக்குங்கள். கூடவே, தள்ளத் தொடங்குவதற்கு முன் ஹேண்டில் லாக் எடுத்தாயிற்றா, டிஸ்க் லாக் (சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும் பூட்டு) கழற்றியாயிற்றா என்று பாருங்கள். இந்த இரண்டால் விழுந்த வண்டிகளும் பட்டறைக்கு நிறைய வருகின்றன.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு கார்களுக்கு நடுவே, தூணை ஒட்டி எனக்கு இடம். மாலையில் முன்பக்கமாக விட்டுவிடுகிறேன். காலையில் அலுவலக உடையில் பின்னால் இழுத்து, ஸ்கூட்டர்களை நகர்த்தி, வியர்த்து வழிகிறது.

பதில்: மாலையிலேயே பின்பக்கமாக உள்ளே விடுங்கள். வீடு திரும்பிய பிறகு அவசரம் எதுவும் இல்லை, சிரமத்தை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். காலையில் கியர் போட்டு நேராக வெளியே வரலாம். தளம் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கார் நிறுத்தும் தளங்கள் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சரிவாகவே கட்டப்படுகின்றன. அந்தச் சரிவு உள்நோக்கி இருந்தால் வண்டி தானாகவே பின்னால் போகும், நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். இரவில் முதல் கியரிலேயே விட்டுவையுங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி முன்னோக்கி உருண்டால் ஸ்டாண்ட் மடங்கிவிடும்.

ஸ்கூட்டர்களைப் பற்றி எனக்கு யோசனை இல்லை. அது குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் தீர வேண்டியது, பெரும்பாலும் தீராது.

கேள்வி (சேலம்): ரிவர்ஸ் கியர் வைக்க முடியுமா?

பதில்: ஹோண்டா கோல்ட் விங் போன்ற மிகப் பெரிய வண்டிகளில் நிறுவனமே வைத்துத் தருகிறது. உங்கள் வண்டியில் வெளியே கொடுத்து மாட்டாதீர்கள். முந்தைய பதில்களில் சொன்னது அதைவிடச் செலவு குறைவு.

கேள்வி (திருநெல்வேலி): இணையத்தில் சக்கரம் வைத்த இரும்புத் தட்டு விற்கிறார்கள். அதன் மேல் வண்டியை ஏற்றினால் எந்தப் பக்கமும் உருட்டலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தரை மட்டமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் நல்ல பொருள். வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்த அதைவிடச் சுலபமான வழி இல்லை. சிமெண்ட் பூச்சு பெயர்ந்த தரையிலும், கடப்பாக்கல் இடுக்குகளிலும் சின்னச் சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். சரிவான தரையில் மட்டும் வேண்டவே வேண்டாம், வண்டி தட்டோடு புறப்பட்டுவிடும். சிலர் செலவில்லாமல் சைடு ஸ்டாண்டின் மேல் முழு வண்டியையும் சாய்த்துச் சுழற்றுவார்கள். சின்ன வண்டிக்குச் சரி. 195 கிலோவை அப்படிச் சுழற்றிச் சுழற்றி ஸ்டாண்ட் போல்ட்டை வளைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): விழுந்த வண்டியை ஒருவரே தூக்க முடியுமா?

பதில்: முடியும், எடையை முதுகில் வாங்காமல் இருந்தால். முதலில் எஞ்சினை அணையுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும், பெட்ரோல் கசியலாம். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் போய்ச் சாய்ந்து நிற்கும். முடிந்தால் முதல் கியரில் போடுங்கள், உருளாது.

பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை வைத்து உட்காருவது போலக் குந்துங்கள். ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பி, தரைப்பக்கம் இருக்கும் பிடியை ஒரு கையால் பற்றுங்கள். மறுகை சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில். முதுகை வளைக்காமல் தொடைகளால் உந்தி, சின்னச் சின்ன அடிகளாகப் பின்னோக்கி நடங்கள். முதல் ஒரு அடி உயரம்தான் கடினம். விழுந்துகொண்டிருக்கும் வண்டியைப் பிடிக்க மட்டும் பாயாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். இண்டிகேட்டரைக் கடையில் வாங்கலாம்.

கேள்வி (கும்பகோணம்): வாசலில் வழுக்குகிறது.

பதில்: பளபளப்பான டைல்ஸ் போட்டிருப்பீர்கள். சக்கரம் போகும் தடத்தில் மட்டும் சொரசொரப்பான டைல்ஸ் மாற்றுங்கள். வாசல் தெளித்த ஈரத்தில் உங்கள் செருப்பே முதலில் வழுக்கும், ஷூ போட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள். மார்கழியில் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போவது பற்றி வீட்டில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பாவுக்கு 68 வயது. அவருடைய பழைய புல்லட்டை அவரே உள்ளே ஏற்றி இறக்குகிறார். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம், பின்பிரேக் இடப்பக்கம். இடப்பக்கம் நின்று தள்ளும்போது காலாலேயே பிரேக்கை மிதிக்கலாம். இன்றைய வண்டியில் இல்லாத வசதி அது. எடையும் இன்றைய வண்டியைவிடக் குறைவு. உங்களைவிட அவருக்கு அந்த வண்டி நன்றாகத் தெரியும். வாசலில் இருக்கும் தடைகளை நீங்கள் அகற்றுங்கள்: செருப்பு ஸ்டாண்ட், தண்ணீர்க் குடம், குழந்தைகளின் சைக்கிள். மூட்டுவலியோ தலைச்சுற்றலோ இருந்தால் அப்போது பேசுங்கள்.

கேள்வி (ஈரோடு): சூப்பர் மீட்டியர் 650 வாங்க நினைக்கிறேன். போர்டிகோ பத்தடிக்கு எட்டடி. போதுமா?

பதில்: நிற்பதற்குப் போதும். வண்டியின் நீளம் 2,260 மில்லிமீட்டர், ஏழரை அடிக்குச் சற்றுக் குறைவு. எட்டடிப் பக்கத்தில் திருப்பலாம் என்று நினைக்காதீர்கள், முடியாது. சாலையிலேயே திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். அதற்குக் கேட்டுக்கு வெளியே இடம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். எடை 241 கிலோ. தரையில் இருந்து இடைவெளியும் கிளாசிக்கைவிடக் குறைவு, வாசல் சரிவின் விளிம்பில் அடிப்பாகம் தட்டும்.

சாக்பீஸால் தரையில் வண்டியின் நீளத்தையும் 890 மில்லிமீட்டர் அகலத்தையும் வரைந்து, கேட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். ஷோரூமில் டெஸ்ட் ரைடு முடிந்து வந்ததும், வண்டியை நானே பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். ஊழியர் ஓடிவந்து பின்னால் பிடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அவர் இருக்க மாட்டார்.