டோக்கியோ வேலை: குடும்பத்தோடு கிளம்பலாமா, தனியாகவா?

கேள்வி: கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். வயது 33. டோக்கியோவில் ஷினகாவா பகுதியில் உள்ள ஒரு நிறுவனம் நேரடியாக வேலை கொடுத்திருக்கிறது. சம்பளம் ஆண்டுக்கு 60 லட்சம் யென். மனைவி, நான்கு வயது மகள் இருக்கிறார்கள். மூவரும் ஒன்றாகவே கிளம்பலாமா? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? வீடு எங்கே பார்ப்பது? மனைவி கேட்கச் சொன்னது: மிக்ஸி கொண்டுபோகலாமா?

பதில்: தனியாகப் போங்கள். மூன்று, நான்கு மாதம் கழித்துக் குடும்பத்தை வரவழையுங்கள். உங்கள் மனைவி என்னைத் திட்டுவார் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். டோக்கியோவுக்கு வரும் நம்மவர்களுக்குக் காகித வேலையில் கைகொடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. குடும்பத்தோடு வந்திறங்கி, ஆறு பெட்டிகளையும் தூக்கம் கெட்ட குழந்தையையும் ஒரு சிறிய அறையில் வைத்துக்கொண்டு வீடு தேடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காரணம் இதுதான். அங்கே ஒவ்வொன்றும் இன்னொன்றைக் கேட்கும். வீடு வேண்டுமென்றால் போன் நம்பர் கேட்பார்கள். போன் கம்பெனிக்காரர் வங்கிக் கணக்கு அல்லது கிரெடிட் கார்டு கேட்பார். வங்கிக்காரர் பதிவான முகவரியும் போன் நம்பரும் கேட்பார். முகவரிக்கு வீடு வேண்டும். இந்த வளையத்தை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அதற்கு எளிய வழி, முதல் இரண்டு மாதத்துக்கு நிறுவனமே ஏற்பாடு செய்யும் மாத வாடகை அறை. இப்போதே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "நீங்கள் தரும் தங்குமிடத்தின் முகவரியை வார்டு அலுவலகத்தில் பதிவு செய்ய முடியுமா?" ஹோட்டல் அறை என்றால் பெரும்பாலும் முடியாது. அறையின் சொகுசைவிட இந்த ஒரு கேள்விக்கான பதில் முக்கியம்.

நரிட்டாவிலோ ஹனேடாவிலோ இறங்கும்போதே குடியேற்ற அதிகாரி உங்கள் வசிப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார். அதற்கு 'ஸாய்ர்யூ கார்டு' என்று பெயர். எங்கே போனாலும் அதைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தங்குமிடம் அமைந்த 14 நாளுக்குள் 'குயாக்குஷோ' எனப்படும் வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிந்தால், அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார்கள். அப்போதே வசிப்புச் சான்றிதழ், அதாவது 'ஜூமின்ஹ்யோ', இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு அதைக் கேட்பார்கள். மை நம்பர் என்ற அடையாள எண் பிறகு தபாலில் வரும்.

வங்கியில் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை அந்நியச் செலாவணிச் சட்டம் வந்த நாளிலிருந்தே அங்கே வசிப்பவராகத்தான் கருதுகிறது. வேலைச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, நிறுவனம் சம்பளம் போடும் அதே வங்கிக்குப் போவது நல்லது.

இனி, நம் ஊர்க்காரர்களுக்கு வரும் ஒரு தலைவலி: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். இல்லையென்றால் அப்பா பெயர் அங்கே இருக்கும். வசிப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் இருப்பது அப்படியே வரும். ஆனால் ஜப்பானிய விண்ணப்பங்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டையும் கேட்கும், ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் இணையதளம் அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்பா பெயர் குடும்பப் பெயரானால், அலுவலகத்தில் எல்லோரும் உங்களை உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது பழகிவிடும். பழகாதது கதகானா, அதாவது வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் எழுதும் எழுத்துமுறை. வங்கியில் பணம் வந்து சேர்வது கதகானாவில் எழுதிய பெயரை வைத்துத்தான். செந்தில்குமார் என்பதை ஒருவர் 'சென்தீருகுமாரு' என்று எழுதுவார், இன்னொருவர் 'செந்திருகுமாரு' என்பார். நிறுவனத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று இருந்தால் சம்பளம் திரும்பிப் போய்விடும். முதல் நாளே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே காட்டுங்கள். பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து எழுதும் எண்ணம் இருந்தால், ஜப்பானிய விசாவுக்கு வேண்டிய தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். விண்ணப்பம் போன பிறகு கை வைக்காதீர்கள்.

அந்தத் தகுதிச் சான்றிதழைத்தான் நம்மவர்கள் சிஓஇ என்கிறார்கள். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனியே வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்தே அவர்களுக்கு விண்ணப்பியுங்கள். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். அந்தக் காத்திருப்புக் காலமும் நீங்கள் வீடு தேடும் காலமும் ஒன்றாகவே ஓடிவிடும். தனியாகப் போகச் சொன்னதன் கணக்கு இதுதான்.

இதற்கு ஊரிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் உள்ள பெயரும், மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா என்று போட்டிருக்கும் பெயர்களும், இருவரின் பாஸ்போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் முழுப்பெயர் என்று இருந்தால் கிளம்பும் முன் திருத்துங்கள். டோக்கியோவில் உட்கார்ந்துகொண்டு கோவை சார்பதிவாளர் அலுவலகத்து வேலையைப் பார்ப்பது பெரும்பாடு.

பணத்துக்கு வருகிறேன். 8 முதல் 10 லட்சம் யென் கையில் இருக்கட்டும். ரொக்கமாகக் கொண்டுபோனால் 10 லட்சம் யென்னுக்கு மேல் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும். இவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். முதல் சம்பளம் சில நிறுவனங்களில் அடுத்த மாதம் 25-ஆம் தேதிதான் வரும். அதற்குள் வீட்டுச் செலவு வந்துவிடும். மாதம் 1,20,000 யென் வாடகையில் ஒரு வீடு பிடித்திருக்கிறது என்று வையுங்கள். முதல் மாத வாடகை ஒன்று. 'ஷிகிகின்' என்ற அட்வான்ஸ் ஒரு மாதம், இதில் மிச்சம் திரும்பக் கிடைக்கும். 'ரெய்கின்' ஒரு மாதம், இது வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கும் பணம், திரும்ப வராது. வீடு கொடுத்ததற்கு நாம் ஏன் நன்றிப்பணம் தர வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனாலும் கொடுத்திருக்கிறேன். புரோக்கருக்கு வரியோடு 1.1 மாதம். நம் வாடகைக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் கம்பெனிக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம். தீ காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. கூட்டினால் ஏறக்குறைய 6 லட்சம் யென். இவ்வளவும் கொடுத்து உள்ளே போனால் விளக்கு இருக்காது, திரைச்சீலை இருக்காது, பல வீடுகளில் அடுப்பும் இருக்காது. கேஸ் திறந்துவிட ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. யூஆர் என்ற அரசு சார்ந்த குடியிருப்பு நிறுவனத்தின் வீடுகளுக்கு ரெய்கின் கிடையாது, புரோக்கர் கிடையாது, ஜாமீன் கிடையாது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தரும் புதுப்பிப்புப் பணமும் கிடையாது. அட்வான்ஸ் இரண்டு மாதம். குறைந்தது இவ்வளவு வருமானம் வேண்டும் என்று ஒரு விதி உண்டு, உங்கள் சம்பளம் அதற்குப் போதும். இன்னொரு நிம்மதி: "வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை" என்று அங்கே சொல்ல மாட்டார்கள். தனியார் வீடுகளில் சொல்வார்கள். புரோக்கர் உங்கள் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பேசி முடித்து, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார். எனக்கும் நடந்தது. கோபப்பட்டுப் பயனில்லை, அடுத்த வீட்டைப் பாருங்கள்.

எந்தப் பகுதி? யாரைக் கேட்டாலும் நிஷி-கசாய் என்பார்கள். எதோகாவா வார்டில் உள்ளது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, கணினிகளின் ஆண்டு மாறும் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்திய இன்ஜினியர்கள் குடியேறிய இடம். இந்தியக் கடைகளும், சுற்றுவட்டாரத்தில் இந்தியப் பள்ளிகளும் உண்டு. தோஸாய் லைன் என்ற மெட்ரோவில் ஏறினால், நகர மையத்து அலுவலகப் பகுதியான ஓதேமாச்சி 20 நிமிடத்துக்குள். ஆனால் காலை நேரத்து தோஸாய் லைன் டோக்கியோவிலேயே பேர்போன நெரிசல் தடம். 2019 கணக்குப்படி உச்ச நேரத்தில் கொள்ளளவுபோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கூட்டம். இரண்டு ஆறுகள் கடலில் சேரும் தாழ்வான பகுதி வேறு. 2019-இல் அந்த வார்டு நிர்வாகமே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சிட்டிருந்தார்கள். பெரும் வெள்ளம் வருமென்றால் வார்டை விட்டே வெளியேறுங்கள் என்பதுதான் அதன் பொருள். அங்கேயே குடியிருந்தால் மூன்றாம் மாடிக்கு மேல் பாருங்கள்.

உங்கள் அலுவலகம் ஷினகாவா என்பதால் நான் கமாட்டாவையோ கவாசாகியையோ சொல்வேன். ரயில் மாறாமல் சுமார் 10 நிமிடம். மனைவிக்குத் தமிழ்ப் பேச்சுத்துணை முக்கியம் என்றால் நிஷி-கசாய், நீங்கள் சீக்கிரம் வீடு திரும்புவது முக்கியம் என்றால் கமாட்டா. இதை உங்கள் இருவரைத் தவிர யாரும் முடிவு செய்ய முடியாது. எந்த இடமானாலும் 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்ற கட்டடமா என்று கேளுங்கள். நிலநடுக்க விதிகள் கடுமையானது அப்போதுதான்.

60 லட்சத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். 12 சம பங்காக வந்தால் மாதம் 5 லட்சம். ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம், 45,750 யென். மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 25,000. வேலையின்மைக் காப்பீடும் வருமான வரியும் போகக் கைக்கு 4,10,000 வாக்கில் வரும். போனஸையும் சேர்த்துத்தான் 60 லட்சம் என்றால் மாதச் சம்பளம் இன்னும் குறையும். ஆஃபர் லெட்டரில் 'குறிப்பிட்ட மணி நேர ஓவர்டைம் சம்பளத்தில் அடக்கம்' என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் அத்தனை மணி நேரத்துக்குத் தனிப்பணம் கிடையாது. சட்டப்படி சம்பளத்தோடு கூடிய விடுப்பு 10 நாள் கிடைப்பது ஆறு மாதம் முடிந்த பிறகுதான். மச்சினன் கல்யாணம் அதற்குள் வந்தால் இப்போதே பேசி எழுதி வாங்குங்கள்.

எல்லோரும் ஏமாறுவது இரண்டாம் வருஷம் ஜூன் மாதத்தில். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தில் கழிவுகள் போக மிஞ்சும் தொகையில் ஏறக்குறைய பத்து சதவீதம், ஜூனிலிருந்து பிடிப்பார்கள். முதல் வருஷம் உங்களுக்கு ஜப்பானில் முந்தைய வருமானம் இல்லை, அதனால் வரியும் இல்லை. அந்தத் தெம்பில் கார் லோனையோ சீட்டையோ ஆரம்பித்துவிடாதீர்கள். முழு ஆண்டு வருமானத்துக்கு மாதம் 20,000 யென்னுக்கு மேல் போகும். ஜனவரி 1 அன்று அங்கே குடியிருந்தால் அந்த ஆண்டுக்கான வரி உண்டு, நடுவில் ஊர் திரும்பினாலும் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஓய்வூதியப் பணம் வீணாகாது. ஜப்பானை விட்டுக் கிளம்பிய இரண்டு வருஷத்துக்குள் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பக் கேட்கலாம், 20.42 சதவீதம் வரி பிடித்துத் தருவார்கள். 2016 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால், இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்தும் கணக்கிடலாம். மொத்தப் பணத்தை வாங்கிவிட்டால் அந்தக் காலம் கணக்கிலிருந்து போய்விடும்.

மகள் வந்ததும் 15 நாளுக்குள் குழந்தைக்கான உதவித்தொகைக்கு வார்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், அவள் வயதுக்கு மாதம் 10,000 யென். 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பும் இல்லை. டோக்கியோவின் 23 வார்டுகளில் குழந்தைகளுக்கு மருத்துவச் செலவு இலவசம். கவாசாகி வேறு மாநகராட்சி, அங்கே விதிகள் வேறு. மனைவி வீட்டில் இருந்தால் மகளுக்கு 'யோச்சியென்' என்ற மழலையர் பள்ளி. இருவரும் வேலைக்குப் போனால்தான் 'ஹொய்குவென்' என்ற காப்பகத்தில் இடம். உங்களைச் சார்ந்து வரும் விசாவில் மனைவி தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிக்காதீர்கள், தமிழ் வழியாகப் படியுங்கள். 'நாளை வருவேன் என்று சொன்னார்' என்பது 'அஷிதா குரு தோ இத்தா'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'செய்து பார்க்கிறேன்' என்பதற்கு அவர்களும் 'ஷிதே மிமாஸ்', செய்து பார்க்கிறேன் என்றுதான் சொல்வார்கள். எழுத்துதான் கஷ்டம், பேச்சு வந்துவிடும்.

மருந்து: டாக்டர் எழுதித் தந்தவை ஒரு மாத அளவுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளுக்குத் தடை, அட்டையில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.

மிக்ஸி வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸி அதில் முனகும், தேங்காய் அரைபடாது. மின்மாற்றி வாங்கி ஓட்டலாம்தான், ஆனால் 750 வாட்டுக்கு ஏற்ற மின்மாற்றி நல்ல கனம். 110 வோல்ட்டுக்கென்று செய்த இந்திய மிக்ஸி கிடைக்கிறது, கிளம்பும் முன் அதை வாங்குங்கள். மரத்தில் கட்டிய வீடானால் இரவு ஒன்பது மணிக்கு மேல் சட்னி அரைக்க வேண்டாம் என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், நிர்வாகத்துக்குத்தான் போன் போடுவார்.