கேளுங்க சொல்றோம்: மெட்ராஸ் பள்ளிக்கூடங்களும் காலேஜுகளும்

கேள்வி: ஸ்காட்லாந்துல இருக்குற என் பையன் ஒரு போட்டோ அனுப்பினான். செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊரு, அங்க ஒரு ஸ்கூலோட பேரே மெட்ராஸ் காலேஜாம். நம்ம ஆளுங்க யாராச்சும் போய் ஆரம்பிச்சதா?
- வாசகி, அயனாவரம்

பதில்: நம்ம ஆளுங்க போகலம்மா, நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம் போயிருக்கு. அந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார், 1789ல எழும்பூர்ல வெள்ளைக்கார சோல்ஜருங்களோட ஆதரவில்லாத பசங்களுக்குன்னு நடந்த விடுதிப் பள்ளிக்கு பொறுப்புக்கு வந்தாரு. ஒரு நாள் இங்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுல பிள்ளைங்க மணல்ல விரலால எழுத்து எழுதிப் பழகுறத பாத்துட்டு, அட இது செலவில்லாத வேலையா இருக்கேன்னு தன் பள்ளியிலயும் செய்யச் சொல்ல, வாத்தியாருங்க முடியாதுன்னுட்டாங்க. மனுஷன் விடல, 8 வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு சின்னப் பசங்களுக்கு நீ சொல்லிக்குடுடான்னுட்டாரு. நம்ம தாத்தாங்க சட்டாம்பிள்ளைன்னு சொல்லுவாங்களே, அதேதான். இத 1797ல லண்டன்ல எழுதி வெளியிட்டாரு, மெட்ராஸ் சிஸ்டம்னு பேராகி இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான பள்ளிங்க அந்த முறையில நடந்துச்சு. அவரு விட்டுட்டுப் போன பணத்துலதான் 1833ல உங்க பையன் பாத்த ஸ்கூல் வந்துச்சு. மணல்ல எழுதினது நம்ம பிள்ளைங்க, பேரு வாங்கினது பெல்லு, போகட்டும், ஊர் பேரையாச்சும் வச்சாங்களே.

கேள்வி: சென்னையிலயே பழைய காலேஜ் எது? எங்க வீட்ல ஒரே சண்டை. அண்ணன் கிண்டி இன்ஜினியரிங்ங்கிறான், நான் பிரசிடென்சிங்கிறேன்.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: எதுலேர்ந்து எண்றீங்கங்கிறதுலதான் இருக்கு. போர்டுல போட்டிருக்கிற வருஷத்த பாத்தா அண்ணன்தான் ஜெயிப்பாரு, 1794. ஆனா அன்னைக்கு அது காலேஜே இல்ல, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேணும்னு அதோட சர்வேயர் மைக்கேல் டாப்பிங் கோட்டைப் பக்கம் 8 பசங்கள வச்சு ஆரம்பிச்ச சர்வே ஸ்கூல். இன்ஜினியரிங் காலேஜ்னு ஆனது 1859ல, கிண்டிக்கு போனது 1920ல. உங்க பிரசிடென்சியும் 1840ல ஸ்கூலாத்தான் ஆரம்பிச்சுது, 1855லதான் காலேஜ். மெடிக்கல் காலேஜ எடுத்துக்கிட்டா 1835ல ஸ்கூல், 1850ல காலேஜ்னு பேரு மாறிடுச்சு, காலேஜ்ங்கிற பேர மட்டும் கணக்கு வச்சா உங்க ரெண்டு பேருக்குமே தோல்விதான். ஸ்கூல்னு போனா 1715ல கோட்டைக்குள்ள ஆரம்பிச்ச தர்மப் பள்ளியோட வழி வந்த செயின்ட் ஜார்ஜ் ஸ்கூல் எல்லாத்தையும் தூக்கி சாப்பிட்டுடும்.

கேள்வி: பாரிமுனைல கடைங்களுக்கு நடுவுல கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வச்ச கட்டடம், பச்சையப்பன் ஹால்ங்கிறாங்க. காலேஜ் சேத்துப்பட்டுலதான இருக்கு?
- வாசகர், பெரம்பூர்

பதில்: காலேஜ் சேத்துப்பட்டுக்கு போனது 1940லதான், அதுக்கு முன்னாடி வாழ்க்கையெல்லாம் அந்தத் தூணுங்களுக்குப் பின்னாடிதான். பச்சையப்ப முதலியார் கம்பெனி காலத்து துபாஷி, அதாவது வெள்ளைக்காரங்களுக்கு மொழிபெயர்ப்பாளராவும் வியாபாரத் தரகராவும் இருந்தவரு, சின்ன வயசுலயே பெரும் பணம் சேத்தவரு, செத்தது 1794ல. (மேல சொன்ன சர்வே ஸ்கூல் வந்த அதே வருஷம், பாருங்க.) அவரு உயில்ல எழுதினது கோயில் தர்மத்துக்கு. சொந்தக்காரங்க கோர்ட்டு கேஸுன்னு இழுத்துக்கிட்டே போக பணம் வட்டி போட்டு வளந்துக்கிட்டே இருந்துச்சு, கடைசியில கோயில் செலவு போக மிச்சம் இருந்தத படிப்புக்கு திருப்பி விட்டாங்க, அதுல வக்கீல் ஜார்ஜ் நார்ட்டனுக்கு பெரிய பங்கு உண்டு. அதாவது செத்தவருக்கு தான் ஒரு காலேஜ் வைக்கப் போறோம்னே தெரியாது! 1842ல பாப்பம்ஸ் பிராட்வேல ஸ்கூல் திறந்தாங்க, ஏதென்ஸ் கோயில் ஒண்ணப் பாத்துக் கட்டின ஹால் 1850ல ரெடி, 1889ல காலேஜ் ஆச்சு. ராமானுஜன் 1906ல இங்க சேந்தாரு, கணக்குல வெளுத்து வாங்கினவரு மத்த பாடத்துல கோட்டை விட்டு எஃப்.ஏ.ங்கிற அந்தக் காலத்து காலேஜ் முதல் கட்டப் பரீட்சையில பெயிலு. ஒண்ணு மட்டும் மறைக்கக் கூடாது, 1947 வரைக்கும் அங்க இந்துப் பசங்களுக்கு மட்டும்தான் இடம். ஊர்க்காரங்க பணத்துல ஊர்க்காரங்களே நடத்தின பள்ளின்னு பெருமையா சொல்றப்ப இதையும் சேத்து சொல்லணும்.

கேள்வி: பொண்ணுங்க எப்பதான் காலேஜுக்குள்ள வந்தாங்க?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: 1875ல மெடிக்கல் காலேஜ்ல 4 பெண்கள் சேந்தாங்க, அதுல மேரி ஷார்லீப் பின்னாடி லண்டன் போய் பெரிய டாக்டரா ஆனவங்க. நம்ம முத்துலட்சுமி ரெட்டி அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு முடிச்சது 1912ல. தனி காலேஜ்னா பீச் ரோட்ல 1914ல வந்த குயீன் மேரிஸ்தான் சென்னையில முதல், அடுத்த வருஷமே விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ். குயீன் மேரிஸ இடிச்சுட்டு தலைமைச் செயலகம் கட்டலாம்னு 2003ல ஒரு பேச்சு வந்தப்ப அங்க படிச்சிட்டிருந்த பொண்ணுங்க உள்ளயே உக்காந்து போராட்டம் பண்ணாங்க, காலேஜ் இன்னைக்கும் அதே இடத்துலதான் இருக்கு.