லாம்டா துகளைத் தேடப் போகும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. அணுக்கரு மோதல்களில் ஸ்ட்ரேஞ்ச் துகள்கள் (புரோட்டான் போன்றவற்றின் உட்கூறான குவார்க்குகளில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்ற வகையைக் கொண்ட துகள்கள்) உருவாவதைப் பற்றி மகள் முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போகிறாள், இதைப் படித்துவிட்டு எந்த வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பட்டம் வாங்கிய பிறகும் சில வருடங்கள் ஒப்பந்த ஆய்வாளராக ஊர் மாறி ஊர் போக வேண்டியிருக்கும். தெரிந்தே இறங்கட்டும்.

ஆனால் அங்கே அவள் அன்றாடம் செய்யப்போவது என்ன என்று பாருங்கள். ஈய அணுக்கருக்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் மோதும்போது ஆயிரக்கணக்கான துகள்கள் சிதறும். அவற்றில் ஒன்றான லாம்டா என்னும் ஸ்ட்ரேஞ்ச் துகளுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் கருவியில் தடமும் பதியாது. சில சென்டிமீட்டர் ஓடியதும் பெரும்பாலும் ஒரு புரோட்டானும் பையான் என்னும் இலகுவான துகளுமாகச் சிதைந்துவிடும். வெற்றிடத்தில் திடீரென்று கவட்டைபோல் இரண்டு தடங்கள் கிளம்பும், அதுதான் தடயம். அந்த இரண்டையும் சேர்த்து நிறையைக் கணக்கிட்டு வரைந்தால், லாம்டாவின் நிறையான 1,116 எம்.இ.வி. (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு) அருகே ஒரு முகடு எழும். அதனடியில், சம்பந்தமே இல்லாத தடங்கள் தற்செயலாக ஜோடி சேர்ந்த குப்பையும் கிடக்கும். எவ்வளவைக் கழிப்பது, மீதியை எந்த அளவுக்கு நம்புவது என்பதிலேயே மாதக்கணக்கில் போகும். பைத்தான், சி பிளஸ் பிளஸ், புள்ளியியல், இயந்திரக் கற்றல் எல்லாம் இந்த வேலையிலேயே கைக்கு வந்துவிடும். வங்கிகளில் மோசடிப் பரிவர்த்தனைகளைப் பிடிக்கவும் மருத்துவப் படங்களை அலசவும் தேவைப்படுவது இதே திறமைதான்.

தலைப்பும் பழசாகிவிடவில்லை. குவார்க்-குளுவான் பிளாஸ்மா (குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் கடும் வெப்பநிலை) உருவானால் ஸ்ட்ரேஞ்ச் துகள்கள் அதிகம் கிடைக்கும் என்று 1982-ல் ரஃபெல்ஸ்கி, முல்லர் என்ற இயற்பியலாளர்கள் சொன்னார்கள். அணுக்கரு மோதல்களில் பார்த்த அந்த அதிகரிப்பு, துகள்கள் ஏராளமாகப் பிறக்கும் புரோட்டான்-புரோட்டான் மோதல்களிலும் தெரிகிறது என்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் அணுக்கரு மோதல்களை ஆராயும் ஆலிஸ் குழு 2017-ல் அறிவித்தது. ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. விடை தெரியாத இப்படியொரு கேள்வி கிடைப்பது ஆய்வு மாணவிக்குப் பெரிய பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

மாணவர்களுக்காக ஆலிஸ் குழுவே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது: மோதல் படங்களில் கவட்டைத் தடங்களைத் தேடி, லாம்டாவா, கேயான் என்னும் இன்னொரு ஸ்ட்ரேஞ்ச் துகளா என்று பிரிக்க வேண்டும். சேர்வதற்கு முன் அதைச் செய்து பார்க்கட்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் சலிக்கவில்லை என்றால் தயங்காமல் அனுப்புங்கள். வழிகாட்டியைச் சந்திக்கும்போது, அவரிடம் முன்பு பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவளையே நேராகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு குழுவைப் பார்க்கலாம்.