வீடியோ காலில் தேர்வு நடந்தது உண்மை, கட்டணம் கேட்பது மோசடி

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகள் கோன் பனேகா குரோர்பதி என்ற இந்தி டிவி வினாடி வினா நிகழ்ச்சிக்குப் பதிவு செய்திருந்தாள். நேற்று ஒருவர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "கொரோனாவுக்கு அப்புறம் நேரில் தேர்வே கிடையாது, எல்லாம் வீடியோ கால்தான், மகள் தேர்வாகிவிட்டாள், சரிபார்ப்புக் கட்டணம் 8,500 ரூபாயை இன்று இரவுக்குள் கட்டுங்கள்" என்கிறார். கடிதமும் அனுப்பியிருக்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், ஒரு ரூபாய்கூட.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் உங்களுக்கு நம்பத் தோன்றுகிறது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில் 12-வது சீசனுக்குப் பதிவு தொடங்கியபோது, ஊர் ஊராகக் கூட்டம் கூட்டித் தேர்வு வைக்க முடியாது என்பதால், பொது அறிவுத் தேர்வு, வீடியோ எடுத்து அனுப்புவது, நேர்காணல் என்று எல்லாமே சோனி டிவியின் சோனிலிவ் ஆப்புக்கும் வீடியோ காலுக்கும் மாறின. செப்டம்பர் 28-ல் நிகழ்ச்சி தொடங்கியபோது அரங்கில் பார்வையாளர்களே இல்லை. அவர்களிடம் ஓட்டுக் கேட்கும் உதவிக்குப் பதிலாக நண்பரை வீடியோவில் கூப்பிடும் உதவி வந்தது, வேகமாக விடை சொல்லும் முதல் சுற்றில் 10 பேருக்குப் பதில் 8 பேர் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடமே பார்வையாளர்கள் திரும்பிவிட்டார்கள். இத்தனை மாறியதே தவிர, தேர்வானவரிடம் கட்டணம் வாங்கும் பழக்கம் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிவி நிகழ்ச்சியின் கடிதத்தில் ஒரு வங்கி முத்திரை எதற்கு? நிகழ்ச்சியை நடத்தும் அமிதாப் பச்சன் படத்துக்குக் கீழே "மேனேஜர்" என்று கையெழுத்து, அதற்கும் கீழே பணம் கட்டச் சொல்லும் யுபிஐ ஐடி, அதுவும் தனிநபர் பெயரில். இது ஒன்றே போதும்.

இனி அவர் வரிப் பேச்சை எடுப்பார், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பரிசுப் பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு, உண்மைதான். ஆனால் அதை நிறுவனமே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும், முன்கூட்டி உங்களிடம் கேட்காது. ஒரே விதிவிலக்கு, பரிசு பணமாக இல்லாமல் காராகவோ பைக்காகவோ வந்தால். காரில் 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே, அதனால் வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் சாவியைக் கொடுக்கலாம் என்கிறது சட்டம். அப்போதும் அது உங்கள் பான் எண்ணில், சலான் மூலம் வருமான வரித் துறைக்குப் போக வேண்டிய பணம். எந்த ஏஜெண்டின் கூகுள் பே கணக்குக்கும் அல்ல. மகளோ இன்னும் போட்டியிலேயே உட்காரவில்லை, எந்தப் பரிசுக்கு வரி?

எனக்கு ஆத்திரமாக வருவது வேறு விஷயத்தில். பணம் போன பிறகு வங்கிக்குப் போனால் போலீஸிடம் போ என்கிறார்கள், போலீஸிடம் போனால் வங்கிக் கடிதம் கொண்டு வா என்கிறார்கள். அந்த அலைச்சல் முடிவதற்குள் பணம் நாலு கணக்கு மாறிவிடும். எத்தனை வருடமாக இதே கதை!

ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் காலை வரை காத்திருக்காமல் இப்போதே சைபர் மோசடிப் புகார் உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். அனுப்பவில்லை என்றால் அந்த உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணை பிளாக் செய்யுங்கள். ஆதார், பான் படம் எதையாவது மகள் அனுப்பிவிட்டாளா என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் மறைத்துவிடுவாள்.