குடியிருப்பவர் வேண்டுமென்றே வீட்டை உடைக்கிறார் என்று சந்தேகம்: டர்பனில் ஒரு வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பீனிக்ஸ் பகுதியில் அப்பா கட்டிய வீடு. பின்பக்கத்தில் தனியாகக் கட்டிய சிறு வீட்டை, அதாவது அவுட்பில்டிங்கை, ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாடகையை உயர்த்தப்போவதாகச் சொன்னதிலிருந்து குளியலறை டைல்ஸ், பின்கதவுப் பூட்டு, இப்போது சமையலறைக் குழாய் என்று வரிசையாக உடைகிறது. கேட்டால் "தானாகப் போய்விட்டது" என்கிறார்கள். கரண்டை நிறுத்தி வெளியே அனுப்பிவிடலாமா என்று அண்ணன் கேட்கிறாராம்.

நான் டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு அவுட்பில்டிங் வாடகைதான் மாதச் செலவைத் தாங்குகிறது. ஒப்பந்தம், ரசீது, நோட்டீஸ் என்று எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கரண்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அண்ணனைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். கரண்டை வெட்டுவது, தண்ணீரை மூடுவது, பூட்டை மாற்றுவது, சாமான்களை முற்றத்தில் தூக்கிப் போடுவது எதுவுமே வேண்டாம். 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி இவை குற்றம். அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ வரலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவே சொல்கிறது. அவர்கள் அவசர வழக்குப் போட்டால், டைல்ஸ் கதையை அங்கே எடுக்கவே முடியாது. முதலில் கரண்டைக் கொடு என்றுதான் உத்தரவு வரும், வக்கீல் செலவும் உங்கள் மேல் விழலாம். டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் பெரியவர்களைக் கிளப்பி 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியது அன்றைய நிறவெறி அரசு. அந்தச் சரித்திரம் உள்ள நாட்டில் இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பது சரி என்றே நினைக்கிறேன், நான் வீட்டுக்காரர்கள் பக்கம் நின்று பேசும்போதும்.

அடுத்தது, "வேண்டுமென்றே" என்பது. உங்கள் கேள்வி முழுவதும் அதைச் சுற்றியே ஓடுகிறது. ஆனால் பணம் வாங்குவதற்கு நீங்கள் அதை நிரூபிக்கத் தேவையே இல்லை. குடியிருப்பவரோ, அவர் வீட்டாரோ, வந்துபோன விருந்தாளியோ செய்த சேதத்துக்கு வீட்டுக்காரர் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது அதே சட்டம். நியாயமான தேய்மானத்துக்கு மட்டும் கேட்க முடியாது. ஆகவே உங்கள் முன்னால் இரண்டே விஷயம்தான். அவர்கள் வந்தபோது அந்த இடம் எப்படி இருந்தது? இப்போது உடைந்திருப்பது ஆள் கையால் உடைந்ததா, காலத்தால் போனதா? அவர் மனதில் என்ன இருந்தது என்று துருவிக்கொண்டிருந்தால் உங்கள் தூக்கம்தான் போகும்.

இரண்டாவது விஷயத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடல் காற்றும் புழுக்கமும் வீட்டைச் சும்மா விடுவதில்லை. என் அத்தை வீட்டில் ஒரு நாள் காலையில் குளியலறை டைல்ஸ் நடுவில் கூடாரம் போட்டதுபோல் எழும்பி விரிந்து கிடந்தது. முந்தின வாரம்தான் துணி காயப்போடும் கொடிக்காக அந்த வீட்டுப் பையனோடு சண்டை. அவன்தான் சுத்தியலால் அடித்திருக்கிறான் என்று அத்தை சத்தியம் செய்யாத குறை. நான் ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தேன். பசை நன்றாகப் பிடித்த டைல் கெட்டியாக ஒலிக்கும், பிடிக்காதது உள்ளே காலி என்று சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் ஓரத்து வரிசை முழுவதும் காலி. வெயிலில் டைல்ஸ் விரிய இடமில்லாமல் தானாக எழும்பியிருக்கிறது. சுத்தியல் அடி வேறு மாதிரி இருக்கும். ஒரே புள்ளியில் மேல்பூச்சு பெயர்ந்து, அங்கிருந்து நாலாபக்கமும் கீறல் கிளம்பும். அத்தை அன்று சாயங்காலமே அந்தப் பையனின் அம்மாவிடம் போய்ப் பேசினார். அவர்கள் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

உங்கள் பூட்டையும் குழாயையும் இதே கண்ணோடு பாருங்கள். துருவேறி இறுகிய பூட்டில் சாவி உடைவது டர்பனில் சாதாரணம். ஆனால் கதவு நிலையில் இருக்கும் தகடு வளைந்து, மரம் பிளந்து, ஸ்க்ரூடிரைவர் தடம் இருந்தால் யாரோ நெம்பியிருக்கிறார்கள். செம்புக் குழாயில் பச்சைக் கறையோடு ஊசித்துளை இருந்தால் அது அரிப்பு. வெட்டுமுனை நேராகவும் பளபளப்பாகவும் இருந்தால் ரம்பம் பட்டிருக்கிறது, பழைய செம்புக்கு விலை இருப்பதால் இது நடக்கிற காரியம்தான். சிங்க்குக்குக் கீழே வளையும் இணைப்புக் குழாய்க்கு வயதானால் அது தானாகவே வெடிக்கும். சுவர் விரிசல் என்றால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த பழைய படங்கள் இருக்கிறதா என்று தேடுங்கள். சரிவில் நிற்கும் வீடுகளுக்கு அந்த மழை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சம்பந்தமில்லாத ஒரு பிளம்பரையோ டைல்ஸ் வேலைக்காரரையோ கூட்டிப்போய், எதனால் உடைந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். பின்னால் எங்கே போனாலும் அந்தக் காகிதம்தான் பேசும்.

பார்க்கப் போவதற்கும் முறை இருக்கிறது. சாவி கையில் இருக்கிறது என்பதற்காக அவர்கள் இல்லாத நேரத்தில் உள்ளே போய்விடாதீர்கள். நாளும் நேரமும் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் போதும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஆனால் அண்ணன் இந்தக் கோபத்தில் வர வேண்டாம். அறை முழுவதும் தெரியும்படி ஒரு படம், உடைந்த இடத்தை நெருங்கி ஒரு படம் என்று எடுங்கள். அசல் படத்தை போனிலேயே பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறிய படத்தில் எடுத்த தேதி தங்காது.

அப்புறம் கடிதம். கோபத்தை வெளியே வைத்துவிட்டு எழுத வேண்டிய ஒன்று. "இந்தத் தேதியில் உங்கள் முன்னிலையில் பார்த்தோம். குளியலறைத் தரையில் இந்த இடத்தில் டைல்ஸ் உடைந்திருக்கிறது. நீங்கள் குடிவந்தபோது எடுத்த படத்தில் அது நன்றாக இருக்கிறது. இந்தத் தேதிக்குள் சரிசெய்யுங்கள், அல்லது இணைத்திருக்கும் மதிப்பீட்டுத் தொகையைக் கொடுங்கள்." இவ்வளவுதான். "வேண்டுமென்றே", "பழிவாங்க" என்ற வார்த்தைகள் கடிதத்தில் வரவே கூடாது. அவற்றை எழுதினால் நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம், அதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றால், சரிசெய்ய 20 வேலை நாள் கொடுத்த பிறகுதான் ரத்துசெய்ய முடியும். கடிதத்தை அவர்களுக்கு நன்றாகப் புரியும் மொழியில் எழுதுங்கள், ஆங்கிலமோ ஜூலுவோ. வாடகை உயர்வை இதில் கலக்காதீர்கள். ஒப்பந்தக் காலம் முடியாமல் உயர்த்தப் பார்த்திருந்தால் அதை இப்போதைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

போலீஸுக்குப் போகலாமா? சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது இந்த நாட்டில் குற்றம்தான். அங்கேதான் அந்த "வேண்டுமென்றே" உண்மையில் தேவைப்படும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. பார்த்த சாட்சி, முற்றத்துக் கேமராவில் பதிவு, "உன் வீட்டை நாசமாக்கிவிட்டுத்தான் போவேன்" என்று வந்த மெசேஜ், இப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் போய்ப் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்கள். வெறும் சந்தேகம் மட்டும் என்றால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். குடியிருப்பவரே வேண்டுமென்று செய்த சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. ஏற்பவர்களும் கேஸ் நம்பர் கேட்பார்கள்.

டெபாசிட் விஷயத்தில் வீட்டுக்காரர்கள் நிறையத் தோற்கிறார்கள், எனக்கு வருத்தம் அதில்தான். டெபாசிட் பணம் வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும், வட்டியும் அவர்களுக்குச் சேர வேண்டியது. குடிவரும் முன் இரண்டு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, இருக்கிற குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். காலி செய்யும்போது, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் முன்னிலையில் நீங்கள் பார்க்காமல் விட்டால், வீடு நல்ல நிலையில் திரும்பி வந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சேதத்துக்காக ஒரு ராண்ட்கூடக் கேட்க முடியாது. அழைத்தும் அவர்கள் வராவிட்டால், ஒப்பந்தம் முடிந்த ஏழு நாளுக்குள் நீங்களாகப் பார்த்துவிடலாம், அப்போது மீதிப் பணத்தை 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சேர்ந்து பார்த்துச் செலவைக் கழித்தால், வீடு கைக்கு வந்த 14 நாளுக்குள். கழிக்க ஒன்றுமே இல்லை என்றால் ஏழு நாளுக்குள். கழித்த ஒவ்வொன்றுக்கும் ரசீது காட்ட வேண்டும். பல வருடத்துப் பழைய பெயின்டுக்குப் புதுப் பெயின்டின் முழு விலையைப் போடாதீர்கள், அது எந்த மேசையிலும் நிற்காது.

டெபாசிட்டைத் தாண்டிய தொகை என்றால் இரண்டு வழி இருக்கிறது. வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கே வரும் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் மதிப்பு உண்டு. ஆனால் ஆளை வெளியேற்றும் உத்தரவை அங்கே வாங்க முடியாது. 20,000 ராண்ட் வரை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம். அதற்கு முன் 14 நாள் கெடு வைத்துப் பணம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். அங்கே வக்கீல் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். எங்கள் சித்தப்பா வீட்டில் கீசருக்குப் போகும் செம்புக் குழாயை அறுத்து எடுத்துக்கொண்டு போன ஒருவரிடம் அங்கே போய்த்தான் பணம் வாங்கினோம். சித்தப்பா அதிகம் பேசவில்லை. குடிவந்த நாளில் இருவரும் கையெழுத்துப் போட்ட பட்டியல், அறுத்த முனையின் படம், பிளம்பர் ரசீது, இவற்றை வரிசையாக எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

அவர்களை வெளியே அனுப்பியே ஆக வேண்டும் என்றால், மாதாமாத ஒப்பந்தத்துக்கு ஒரு மாத எழுத்து நோட்டீஸ். அதற்குப் பிறகும் போகாவிட்டால், சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வாடகை ஒப்பந்தம் முடிந்தும் இருப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2002-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தைகள், வயதானவர்கள், ஊனமுற்றவர்கள், பெண் நடத்தும் குடும்பம் என்று எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார், அதனால் நாளாகும். ஆனால் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவை உங்கள் வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள். ஆளுக்கோ சொத்துக்கோ உடனடியாகப் பெரிய ஆபத்து இருக்கிறது என்று காட்டினால் அவசர வெளியேற்ற உத்தரவு கேட்கலாம். அதற்கு ஒப்பந்தம் முறைப்படி முடிந்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை என்றும் காட்ட வேண்டும். உடைந்த டைல்ஸுக்கு அது கிடைக்காது. கரண்டு வயரைப் பிய்த்துப்போடுகிறார்கள் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

அப்பா கட்டிய வீட்டின் சுவரில் யாரோ அடிப்பதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் கடிதம் எழுதச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அவுட்பில்டிங்கையும் தாத்தா சனி ஞாயிறுகளில் தன் கையால் செங்கல் வைத்துக் கட்டியதுதான். இருந்தாலும் இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, பார்க்க வருகிறோம் என்ற நோட்டீஸை அனுப்புவதும், அவர்கள் குடிவந்தபோது எடுத்த படங்களைத் தேடி எடுப்பதும்தான். படம் எதுவுமே இல்லை என்றால் அக்கம்பக்கத்தாரிடமும் முன்பு அங்கே குடியிருந்தவரிடமும் கேளுங்கள். ஏதாவது பிறந்தநாள் படத்தின் பின்னணியில் அந்தக் கதவு உடையாமல் நின்றால் அதுவும் ஒரு ஆதாரம்தான்.