எந்தக் காலத்துச் சிப்பாயை வார்ப்பது?

கேள்வி: பண்டாரவளையில் சிறிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். எல்ல, நுவரெலியா கடைகளுக்கு வெள்ளீயத்தில் யானை, பிள்ளையார், பெரஹரா மேளக்காரர் எல்லாம் செய்து கொடுக்கிறேன். இப்போது 54 மில்லிமீற்றர் அளவில் போர்வீரர் தொகுதி ஒன்று தொடங்க நினைக்கிறேன். நெப்போலியன் காலம் செய்தால்தான் வெளிநாட்டில் போகும் என்கிறார் ஏற்றுமதி செய்யும் நண்பர். கண்டி ராஜா காலத்தைச் செய்யுங்கள் என்கிறார் மனைவி. எனக்கோ சோழர் படையில்தான் ஆசை. கையில் இருக்கும் முதல் ஒரு தொகுதிக்குத்தான் காணும். எதை எடுப்பது?

பதில்:

உங்கள் மனைவி சொல்வதையே செய்யுங்கள். அச்சுக் கணக்குப் பார்த்தால் அதுதான் கட்டுப்படியாகும். அதையும் சரியான ஆண்டில் வைத்துக்கொண்டால், நண்பர் சொல்லும் நெப்போலியன் சந்தையிலும் ஒரு பங்கு உங்கள் கைக்கு வரும்.

நண்பர் சொல்வதில் பிழையில்லை. 1893இல் இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பனி உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை மலிவாக வார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து 54 மில்லிமீற்றர்தான் சேகரிப்பாளர்களின் அளவு. அவர்கள் திரும்பத் திரும்ப வாங்குவதும் சில காலங்களைத்தான்: நெப்போலியன் போர்கள், அமெரிக்க உள்நாட்டுப் போர், 1879 சூலு போர், இரண்டு உலகப் போர்கள், பிறகு ரோமர். ஆனால் ஆள் கூடும் சந்தையில் கடையும் கூடத்தானே. அங்கே சென் பீற்றர்ஸ்பர்க் ஓவியர்கள் ஒரு கண்ணிமையைக்கூட விடாமல் தீட்டி அனுப்புகிறார்கள், சீனாவில் வர்ணம் பூசிய பெட்டிகள் மலைமலையாக வருகின்றன. பண்டாரவளையிலிருந்து இன்னொரு பிரெஞ்சுக் காவற்படை வீரனை அனுப்பினால் அவனை எவர் திரும்பிப் பார்ப்பார்?

ஒரு காலத்தை எடுக்குமுன் வார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு மூல உருவிலிருந்து எத்தனை விதமான வீரர்களை விற்கலாம் என்பது. செலவெல்லாம் மூல உருவைச் செதுக்குவதிலும் அச்சு எடுப்பதிலும்தான் போகிறது. உலோகமும் வர்ணமும் அதற்குப் பிறகுதான். நெப்போலியன் காலம் கம்பனிகளுக்கு இனிப்பதும் இதனால்தான். பிரித்தானியச் சிவப்புக் கோட்டுக்காரன் ஒருவனைச் செதுக்கினால் போதும். கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு நிறம் வேறு. 33ஆம் பிரிவுக்குச் சிவப்பு, 30ஆம் பிரிவுக்கு வெளிர் மஞ்சள், 73ஆம் பிரிவுக்குக் கரும்பச்சை. தூரிகையை மாற்றினால் ஆள் மாறிவிடுவான். தலையைத் தனியாக வார்த்துக் கழுத்தில் முளை வைத்துப் பொருத்தினால் ஒரே உடம்பு மூன்று, நான்கு பேராகும். சீருடை இல்லாத காலங்களில் இந்த வசதி கிடையாது. ஒரே ஆள் பத்துத் தடவை நிற்பதுபோல் இருந்தால் வாங்குபவர் உடனே பிடித்துவிடுவார்.

இனித்தான் உங்களுக்குச் சாதகமான விஷயம். நான் மேலே சொன்ன அந்த 73ஆம் படைப்பிரிவின் இரண்டாம் அணி 1815 ஜூன் 18 அன்று, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவில் நின்றது. அதே படைப்பிரிவின் முதல் அணி 1814இல் இலங்கைக்கு வந்து இறங்கி, பிரித்தானியருக்கு எதிரான 1817-18 ஊவாக் கிளர்ச்சியை அடக்க உங்கள் பதுளைப் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கியது. இரண்டு அணிக்கும் கோட்டும் அதே சிவப்பு, கழுத்துப்பட்டியும் அதே கரும்பச்சை. ஆகவே நீங்கள் செதுக்கும் அந்த ஒரு சிவப்புக் கோட்டுக்காரன் ஒரு பெட்டியில் வாட்டர்லூ வீரன், இன்னொரு பெட்டியில் ஊவாவுக்கு வந்த வெள்ளைக்காரன். பெல்ஜிக் என்று சொல்லும் முன்பக்கம் உயர்ந்த தொப்பியோடு வாட்டர்லூவுக்கு ஒரு தலையும், வெயில் நாட்டுக்கு ஏற்ற வட்டத் தொப்பியோடு இங்கே ஒரு தலையும் செய்துகொண்டால் சரி. இங்கிலாந்தில் நெப்போலியன் காலத்தைத் தேடிச் சேர்ப்பவர், தன்னிடம் இருக்கும் படைப்பிரிவே கண்டி மலையிலும் இருந்தது என்று அறிந்தால் அந்தப் பெட்டியையும் கேட்பார். அது வேறு எவரிடமும் இல்லாத பெட்டி.

ஆண்டைச் சரியாக வையுங்கள் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. கண்டிப் போர் என்றதும் எல்லோருக்கும் 1803 ஜூனில் கண்டியில் பிரித்தானிய மேஜர் டேவியின் படை அழிந்ததுதான் நினைவுக்கு வரும். கதை பெரியதுதான், ஆனால் வார்ப்பவருக்குத் தலைவலி. பிரித்தானியச் சிப்பாய் பின்னால் சடை கட்டுவதை இராணுவம் ஒழித்தது 1808இல். 1803 என்று பெட்டியில் எழுதிவிட்டுச் சடையில்லாத தலையை வைத்தால் சேகரிப்பாளர்கள் கடிதம் எழுதியே உங்களைக் களைக்க வைப்பார்கள். 1815 முதல் 1818 வரை என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. கடைசிக் கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டதும், கண்டியைப் பிரித்தானியர் கையில் கொடுத்த 1815 மார்ச் 2 ஒப்பந்தமும், ஊவாக் கிளர்ச்சியும் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.

எதிர்த்தரப்பில்தான் உங்கள் கைத்திறன் தெரியப்போகிறது. கண்டி வீரன் இடுப்புத் துணியும் தலைக்கட்டும் மட்டும்தான், மேலுடம்பு வெறுமை. வர்ணம் குறைவு, வேலை சுகம் என்று நினைக்காதீர்கள். கோட்டும் பட்டியும் செதுக்கியவனின் பிழைகளை மூடிவிடும். வெறும் தோளும் முதுகும் எதையும் மூடாது. விலா எலும்பும் தோள்பட்டையும் சரியாக வராவிட்டால் வீரன் களிமண் உருண்டையாகத்தான் தெரிவான். தோலுக்கும் ஒரே மண்ணிறம் பூசிவிட்டுப் போக முடியாது. நிழலுக்கு ஒரு கை, வெளிச்சத்துக்கு ஒரு கை கட்டாயம் வேண்டும். சீருடை இல்லாததால் குறைந்தது மூன்று நிலைகளாவது செய்ய வேண்டியிருக்கும்: துவக்கு நீட்டிக் குறிபார்ப்பவன், துவக்குக் குழலில் வெடிமருந்து இடிப்பவன், ஈட்டியோடு நிற்பவன். சிவப்புக் கோட்டில் மிச்சம் பிடிக்கும் காசை இங்கே செலவழியுங்கள்.

கண்டி வீரனைப் பார்த்துச் செதுக்கப் படம் தேடி இலண்டன் போக வேண்டியதில்லை. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் தேசிய நூதனசாலையில் ஆயுதங்கள் இருக்கின்றன. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைக் கொள்ளையடித்தபோது கொண்டுபோன லெவ்கே திசாவையின் (திசாவை என்றால் கண்டி ராஜாவின் மாகாண அதிகாரி) அலங்காரப் பீரங்கி, கஸ்தானை வாள், துவக்குகள் ஆகியவற்றை நெதர்லாந்து 2023 டிசம்பரில் திருப்பித் தந்தது. அவை இப்போது கொழும்பு நூதனசாலையில். சிங்களத் துவக்கின் பிடி பின்னால் இரண்டாகப் பிளந்து வளைந்திருக்கும். அதை நேரில் பார்க்காமல் ஆங்கிலேயரின் மஸ்கட்டையே கண்டி வீரன் கையிலும் கொடுத்தால் தொகுதியே கெட்டுப்போகும். உடைக்கு கண்டிக்குப் பக்கத்துத் தெகல்தொருவைக் குகை விகாரையின் சுவரோவியங்களைப் பாருங்கள். புத்தரின் முற்பிறப்புக் கதைகளைத்தான் வரைந்திருக்கிறார்கள் என்றாலும் ஆட்களுக்கு உடுத்தியிருப்பது 18ஆம் நூற்றாண்டுக் கண்டி உடை. ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் படங்களை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள், ஆனால் அவை உங்கள் காலத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தியவை. 1816 தொடங்கிச் சில வருடம் இங்கே இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் டேவி (மேஜர் டேவி வேறு ஆள்) 1821இல் வெளியிட்ட நூல்தான் உங்களுக்கு நெருக்கம்.

துவக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனெனில் 54 மில்லிமீற்றரில் வார்ப்புகள் தோற்பது இங்கேதான். பிரித்தானியர் அப்போது வைத்திருந்த மஸ்கட்டின் நீளம் ஏறத்தாழ 140 சென்ரிமீற்றர். உங்கள் அளவில் அது நாலரை சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குழலின் தடிப்போ முக்கால் மில்லிமீற்றர்தான் வரும். உலோகம் அவ்வளவு ஒடுக்கமான வழியில் நுனிவரை ஓடாது, பாதியில் உறைந்துவிடும். குழலை ஒரு மில்லிமீற்றராகக் கொஞ்சம் தடிப்பாக்குங்கள், எவரும் குறை சொல்ல மாட்டார்கள். சிவப்புக் கோட்டுக்காரனைத் துவக்கைத் தோளில் சாய்த்து உடம்போடு ஒட்டி நிற்கும்படி செதுக்குங்கள். அப்போது துவக்கு முழுக்கக் கையோடும் தோளோடும் சேர்ந்தே வார்ப்பாகும். குறிபார்க்கும் கண்டி வீரனுக்கு அது முடியாது. அவனுக்குக் குழலை வார்க்கவே வேண்டாம், உருக்குக் கம்பியைச் சீவிச் செருகுங்கள். கடையில் எடுத்துப் பார்ப்பவர்கள் முதலில் பிடிப்பது துவக்கைத்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

சோழர் படை ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை, முதல் தொகுதியாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சோழர் படை என்றால் தமிழர் வாங்குவார்கள், உண்மை. ஆனால் நம்மவர்கள் பொம்மை வாங்குவது நவராத்திரிக்கு. கொலுப் படியில் ஒரு சாண் பொம்மைகளுக்கு நடுவில் இரண்டு அங்குல வீரன் கண்ணிலேயே படமாட்டான். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கோ 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்த படை எது என்று முதலில் பாடம் நடத்த வேண்டும். சீருடையும் இல்லை, ஆளுக்கு ஆள் செதுக்க வேண்டும். முதல் தொகுதி காசைத் திருப்பித் தந்த பிறகு, ராஜராஜன் காலத்து யானை வீரன் ஒருவனைப் பெரிய அளவில், மண்ணிலோ ரெசினிலோ, கொலுவுக்கென்றே செய்து பாருங்கள். அதற்கு வேறு சந்தை, வேறு அளவு.

கிட்டத்து யுத்தத்தின் சிப்பாய்களைச் செய்து தரச் சொல்லியும் சிலர் வந்து கேட்பார்கள். செய்யாதீர்கள். அதில் பிள்ளையை இழந்த வீடு எந்தத் தெருவிலும் இருக்கிறது, எந்த இனத்திலும் இருக்கிறது.

இரண்டாம் தொகுதிக்கு மலைநாட்டிலேயே இன்னொரு நல்ல சரக்கு உண்டு. 1900இல் தோட்டத்துரைமாரை வைத்து அமைத்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். தலைமையகம் கண்டி. 1914இல் எகிப்துக்குப் போனது, 1915இல் கலிப்பொலியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு நின்றது. காக்கிச் சீருடை, ஒரே அச்சு, கலிப்பொலி நினைவு நாளான ஏப்ரல் 25 நெருங்கினால் அவுஸ்திரேலியாவில் கேட்பார் இருப்பார்கள். நம் பாட்டன்மாரைப் பிரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில், நிறுத்திய துரைக்குச் சிலை வார்ப்பதா என்று வீட்டில் கேட்டால் அதற்கு என்னிடம் பதிலில்லை. உங்கள் பக்கத்து ஊரான தியத்தலாவையில் 1900 முதல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட சுமார் ஐயாயிரம் போயர் கைதிகளை வைத்திருந்தார்கள். கதை அருமை, ஆனால் கைதிகளுக்கு எதிரணி கிடையாது. படைத் தொகுதியாக அது ஓடாது. மரம் செதுக்கிக்கொண்டிருக்கும் கைதி ஒருவனைத் தனி உருவாகச் செய்யலாம், அவ்வளவுதான்.

மேசையில் போர் விளையாட்டு ஆட வாங்குபவர்கள் 28 மில்லிமீற்றர் கேட்பார்கள், அவர்களுக்கு ஒரு பிரிவுக்கே இருபது, முப்பது வேண்டும். தனியாளாகப் பட்டறை நடத்தும் உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

உலோகத்தில் ஈயம் சேர்க்காதீர்கள், அது நஞ்சு. ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும், சிலிக்கன் அச்சும் கூட நாள் நிற்கும். பெட்டியில் சேகரிப்புப் பொருள், 14 வயதுக்கு மேல் என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் எல்லக் கடைக்காரர் அதைப் பிள்ளைகளுக்கு எட்டும் தட்டில்தான் வைப்பார். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் மங்கல் வார்னிஷ் தெளிக்காதீர்கள். காற்றில் ஈரம் ஏறியிருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், கரும்பச்சைக் கழுத்துப்பட்டி சாம்பலாகிவிடும். வெயில் வந்த மத்தியானமாகப் பார்த்துத் தெளியுங்கள்.

தொடக்கத்துக்கு ஐந்து உரு போதும். சிவப்புக் கோட்டுக்காரன் ஒருவன், கண்டி வீரர் இருவர் (மூன்றாம் நிலை பிறகு வரட்டும்), முக்காலியில் வைத்துச் சுடும் கொடித்துவக்கு ஒன்று அதைக் கையாளும் ஆளோடு, பிறகு திசாவை. திசாவையில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நாற்கோணத் தொப்பியும் புடைத்த கையும் இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டிய துணியுமாக, இன்றைக்கும் சிங்களக் கலியாண மாப்பிள்ளை உடுத்தும் உடை அது. சேகரிப்பாளர் வாங்காவிட்டாலும் கலியாணப் பரிசாக அவன் ஒருவனே தனியாகப் போவான். உங்களிடம் இருக்கும் யானை அச்சையும் அளந்து பாருங்கள். தோள்மட்டம் எட்டு சென்ரிமீற்றர் பக்கம் வந்தால் இந்த அளவுக்குச் சரி, அதற்கும் புதிதாகச் செலவில்லை. பெரஹராவுக்குச் செய்த தாதுப்பேழையை மட்டும் முதுகிலிருந்து எடுத்துவிடுங்கள், போர்த் தொகுதியில் அது வரக்கூடாது.

ஐந்தையும் வர்ணம் பூசிப் படம் பிடித்து நண்பரிடம் கொடுங்கள். முன்பணம் அனுப்புபவர் எத்தனை பேர் என்று பார்த்த பிறகு மீதி அச்சுக்கு சிலிக்கன் வாங்கலாம். வாட்டர்லூத் தலையை அந்த முதல் படத்திலேயே பக்கத்தில் வைத்துக் காட்ட மறக்காதீர்கள்.